‘அவனுகள்’ எந்த இடத்தில் நுழைகிறது?

சிட்னியில் வீடு தேடும் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு முன்னர் போன சொந்தக்காரர் சொல்லும் புத்தி ஏறக்குறைய ஒன்றுதான்: பெண்டில் ஹில், வென்ட்வர்த்வில், டூங்காபி பக்கம் பார்; லக்கெம்பா, பஞ்ச்போல் பக்கம் போகாதே, அது லெபனீஸ் பொடியனுகள்ட இடம். அந்தப் புத்தி வாட்ஸ்அப்பில் ஏறிக் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் வரும்போது அர்த்தம் மாறிவிடுகிறது. “பார்த்தியா, அங்கயும் இவனுகள்தான்” என்று முடிகிறது கதை.

முதல் பிழை அந்த ‘இவனுகள்’; எங்கள் பக்கத்தில் அது முஸ்லிம்களைச் சுட்டும் பேச்சு. ஆஸ்திரேலியாவின் லெபனான் குடும்பங்களில் மரோனைட் என்ற கத்தோலிக்கப் பிரிவுக் கிறிஸ்தவர் பெருந்தொகை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சிட்னியின் ரெட்ஃபேர்னில் வந்து குடியேறியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர். 2001 முதல் 2014 வரை சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்த மேரி பஷீர் லெபனான் வழி வந்தவர். லக்கெம்பாவிலும் பஞ்ச்போலிலும் முஸ்லிம் குடும்பங்கள் பெருகியது 1975இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு. 1976இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஃபிரேசரின் அரசு குடிவரவு நிபந்தனைகளைத் தளர்த்தியதால் வடலெபனானிலிருந்து பலர் வந்தார்கள். போருக்குத் தப்பி வந்தவர்கள், ஆங்கிலம் இல்லை, பலருக்குத் தொழிற்சாலை வேலை. அந்தத் தொழிற்சாலைகள் 80களிலும் 90களின் தொடக்கத்து மந்தத்திலும் மூடப்பட்டன. தகப்பனுக்கு வேலை போன வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்தான் 90களின் கடைசியில் செய்தியானார்கள்.

குற்றம் நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1998 ஒக்டோபர் 17இல் பஞ்ச்போலில் கொரிய வழி வந்த 14 வயதுச் சிறுவன் குத்திக் கொல்லப்பட்டான். இரண்டு வாரத்தில், நவம்பர் 1இல், லக்கெம்பா பொலிஸ் நிலையத்தின் மீது துப்பாக்கிச்சூடு. 2000இல் கூட்டு வன்புணர்வு வழக்குகள். 2020க்குப் பிறகு போதைப்பொருள் வியாபாரத்தை ஒட்டி, இரண்டு குடும்பப் பெயர்களைச் சுற்றித் தெருவில் நடந்த கொலைகள். இவற்றை மூடி மறைக்கும் சமூகப் பெரியவர்களிடம் எனக்கு மதிப்பில்லை. செய்தவனுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, தெரு உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் காலியான இடத்தில் இனத்தின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிட்னியில் அதுதான் நடந்தது. மாநிலத்தின் அப்போதைய முதல்வர் பாப் கார் ‘லெபனீஸ் கும்பல்’ என்று வெளிப்படையாகப் பேசினார். பொலிஸ் அறிக்கைகளில் ‘மத்திய கிழக்குத் தோற்றம்’ என்ற அடையாளம் ஓடியது. தோற்றம் என்பது கண்ணால் பார்ப்பது. கறுத்த முடி, தாடி இருந்தால் போதும், யாரும் அதற்குள் அடங்குவார்கள். தேடப்படுபவனை விடத் தேடப்படாதவர்களையே அது அதிகம் பிடிக்கும். சோதனைக்காக ஒரே பொடியனை மாதம் நாலு தடவை நிறுத்தினால், பார்த்த சாட்சியைச் சொல்ல அவன் தாய் பொலிசுக்குப் போகமாட்டாள். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காவிட்டால் ‘அந்தச் சமூகமே மறைக்கிறது’ என்பார்கள். இந்தச் சக்கரம் எங்களுக்குப் புதிதில்லை.

சிட்னியின் கடற்கரைப் பகுதியான குரோனுல்லாவில் நடந்ததை நாள் வைத்துப் பார்க்க வேண்டும். 2005 டிசம்பர் 4, ஞாயிறு: கடற்கரையில் உயிர்காப்புத் தொண்டர்கள் சிலரை மத்திய கிழக்கு வழி இளைஞர் கூட்டமொன்று அடித்தது. அது பொலிஸ் விசாரிக்கவேண்டிய ஒரு தாக்குதல் வழக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க, அடுத்த ஞாயிறு வந்து அடியுங்கள் என்று குறுஞ்செய்தி சுற்றியது. அலன் ஜோன்ஸ் என்ற வானொலி ஒலிபரப்பாளர் அதை நேரலையில் வாசித்தார். டிசம்பர் 11இல் ஏறக்குறைய 5,000 பேர் கூடினார்கள். கண்ணில் பட்ட ‘தோற்றம்’ உள்ளவர்களுக்கெல்லாம் அடி. அன்றிரவும் மறுநாளும் மற்றப் பக்கத்துப் பொடியன்கள் வாகனம் வாகனமாகப் போய்க் கார்களை உடைத்தார்கள், ஆட்களைக் குத்தினார்கள். இரு பக்கமுமாக 104 பேர் மீது குற்றச்சாட்டு. அந்த ஒலிபரப்பாளர் லெபனான் முஸ்லிம்கள் மீது வெறுப்பைத் தூண்டினார் என்று தீர்ப்பாயம் சொன்னது 2009இல்; அவர் வானொலியில் மன்னிப்புக் கேட்டது 2012இல். செய்தி பரவ ஒரு வாரம், திருத்தம் வர ஏழு வருடம்.

அம்பாறையில் வாரம் கூடத் தேவைப்படவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு, நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கட்டியாக ஏதோ கிடந்தது. மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் மிரண்டுபோய்ச் சொன்ன அரைகுறைப் பதில் வீடியோவாகி முகநூலில் ஏறியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாக்கட்டி. ஆளை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. முகநூல் நிறுவனம் 2018 வன்முறையில் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதம்.

தமிழர் இதில் வேடிக்கை பார்ப்பவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளிதான் செய்திருப்பான் என்று தமிழன் ஒருவனைப் பிடித்து அடைத்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான் அது அந்தக் குண்டுகளை வைத்த சஹ்ரான் குழுவின் வேலை என்று தெரியவந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவன் வெளியே வந்தான். அதே மாதங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டைக் காட்டி, முஸ்லிம் ஊரான காத்தான்குடிக் கடையில் சாமான் வாங்காதே என்ற செய்தி எங்கள் குழுக்களிலும் சுற்றியது. அடையாளத்தால் அடிபட்டவன் அடுத்த தெருவில் அதே அடையாளத்தைத் தூக்குகிறான்.

மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறிக் கிடக்கும் கரையில் ஒரு வதந்தி எல்லை தாண்ட ஐந்து நிமிடம் போதும். தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடையில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

செய்தி வந்ததும் பலர் செய்வது இரண்டில் ஒன்று: அனுப்புவது, இல்லையேல் அழிப்பது. இரண்டும் பிழை. அழிக்குமுன் திரைப்பிடிப்பு எடுங்கள்; அதில் அனுப்பியவரின் இலக்கம், குழுவின் பெயர், திகதி, நேரம் நான்கும் தெரிய வேண்டும். வீடியோவாக இருந்தால் கோப்பையே சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. “என் மச்சான் நேரில் பார்த்தவர்” என்று அதிலிருந்தால் அந்த மச்சான் யாருக்கும் மச்சான் இல்லை. குரல் பதிவுதான் ஆகக் கெட்டது: முகம் இல்லை, இடம் இல்லை, கடைப் பெயர்ப்பலகை இல்லை, சரிபார்க்க எதுவுமே கிடையாது.

அடுத்தது தொலைபேசி. அந்த இடத்தில் இப்போது நிற்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள். அந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது போதாது. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் ஒருவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஒருவர், கிராம சேவகர் என்று மூன்று இலக்கமாவது சும்மா இருக்கும் காலத்திலேயே கையில் இருக்க வேண்டும். எரியும்போது இலக்கம் தேடினால் கிடைக்காது. மறுப்பை யார் சொல்வது என்பதும் முக்கியம். பள்ளிவாசலின் மறுப்புக் கடிதத்தைத் தமிழ்க் குழு நம்பாது. கோயில் அறிக்கையை மற்றப் பக்கம் நம்பாது. தமிழ்க் குழுவில் தமிழர் ஒருவர், அதே குரல் பதிவாக, தன் பெயரைச் சொல்லி மறுக்க வேண்டும்.

பொலிஸ் அவசர இலக்கம் 119. நேரில் போனால் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பதுண்டு. வாசித்து விளக்காமல் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. 10 வருடம் வரை சிறை, பிணை மேல்நீதிமன்றத்தில்தான். எடுத்த எடுப்பில் அதைக் கேட்டு நிற்காதீர்கள். 2020இல் வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகப் பேனாவால் போராடச் சொல்லி எழுதிய ஒரு முஸ்லிம் எழுத்தாளரையே அதில் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள்.

பொலிசே பக்கம் சாய்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. பதிந்ததற்கான கடிதத்தை எழுத்தில் வாங்கி, திரைப்பிடிப்புகளோடு ஒரே கோவையில் வையுங்கள்.