குடல் அழற்சி நோயும் குடலின் நரம்புகளும்: எம்.டி. நோயியல் தேர்வுக்குப் படித்த அனுபவம்

எம்.டி. நோயியல் தேர்வுக்குப் படிப்பவர்களில் பெரும்பாலோர், குடல் அழற்சி நோயை, அதன் இரு முக்கிய வகைகளான க்ரோன் நோய்க்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் உள்ள வேறுபாட்டு அட்டவணையோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த அட்டவணையில் புண், கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு), ஃபிஸ்டுலா (குடலிலிருந்து வேறோர் உறுப்புக்கோ தோலுக்கோ உருவாகும் புரைவழி) எல்லாம் இருக்கும். குடல் சுவருக்குள் இருக்கும் நரம்புகள் இருக்காது. ஆனால் நோயாளியை வாட்டும் வலியையும் மல அவசரத்தையும் நரம்புகளைத் தொடாமல் முழுமையாக விளக்க முடியாது. சென்னையில் இத்தேர்வை எழுதித் தேறிய நான் இந்தப் பகுதியைப் படித்த விதத்தை, பின்னால் வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

இயல்பான அமைப்பு முதலில் மனத்தில் பதிய வேண்டும். சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள மைஸ்னர் பின்னல் என்னும் நரம்பு வலை சுரப்பையும் இரத்த ஓட்டத்தையும் கவனிக்கிறது. வட்டத் தசைக்கும் நீள்தசைக்கும் நடுவிலுள்ள அவர்பாக் பின்னல் என்னும் இன்னொரு நரம்பு வலை குடல் அசைவை நடத்துகிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமலே இயங்கவல்ல கோடிக்கணக்கான நியூரான்கள் (நரம்பு செல்கள்) இங்கே உள்ளன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலை வேளைகளில் அமர்ந்து, புத்தகத்தைப் பார்க்காமல் குடல் சுவரின் அடுக்குகளை வரைந்து, ஒவ்வோர் அடுக்கிலும் நோய் என்ன செய்கிறது என்று பக்கத்திலேயே எழுதி வந்தது எனக்குப் பெரிதும் உதவியது.

க்ரோன் நோய்க்காக வெட்டியெடுத்த குடலின் ஸ்லைடு கிடைத்தால், சளிச்சவ்வைப் பார்த்த கையோடு எடுத்துவிடாமல், இரு தசை அடுக்குகளுக்கும் இடைப்பட்ட மெல்லிய இடைவெளியைப் பிடித்துக்கொண்டு வெட்டு விளிம்பு வரை செல்லுங்கள். நுண்ணோக்கியின் ஹை பவரில், பெரிய உட்கருவும் அதனுள் எடுப்பான நியூக்ளியோலஸும் கொண்ட கேங்லியான் செல்கள், அதாவது பின்னலின் நியூரான்கள், தெரியும். அவற்றை ஒட்டியோ அவற்றுக்கு இடையில் நுழைந்தோ லிம்போசைட்டுகள், ஈசினோஃபில்கள், மாஸ்ட் செல்கள் ஆகிய அழற்சி செல்கள் காணப்பட்டால் அதுவே பிளெக்ஸைட்டிஸ், அதாவது நரம்புப் பின்னலின் அழற்சி. வெட்டியெடுத்த குடலின் வாய்ப்பக்க விளிம்பில், அவர்பாக் பின்னலில் இது இருந்தால் அறுவைக்குப் பின் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நரம்புக் கற்றைகள் தடித்துப் பெருகியிருப்பதும் க்ரோன் நோயில் காணக்கூடியதே. குடல் காசநோயைப் பற்றிக் கேட்காமல் நம் ஊர்த் தேர்வாளர்கள் விடுவது அரிது என்பதால், கிரானுலோமாவில் காசநோயைச் சுட்டும் கேசியேஷன் (பாலாடைக்கட்டி போன்ற திசு அழிவு) உண்டா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

நோயின் இயங்குமுறையில், நரம்புகளுக்குச் சைகை கடத்தும் செரோடோனின் என்னும் வேதிப்பொருளுக்கு நான் அதிக நேரம் கொடுத்தேன். உடலிலுள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது குடலில்தான் இருக்கிறது. அழற்சியின்போது, அதைத் திரும்ப உள்ளிழுக்கும் செர்ட் என்னும் கடத்தி குறைந்துவிடுவதால், வெளிப்பட்ட செரோடோனின் நரம்பு முனைகளை நெடுநேரம் தூண்டிக்கொண்டிருக்கிறது. அழற்சியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்களும் சேர்ந்து உணர்வு நியூரான்களை எளிதில் கிளர்ச்சியடையச் செய்கின்றன. சிறிதளவு மலம் சேர்ந்தாலே கழிவறைக்கு ஓட நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நியூரான்களுக்குத் துணையாயிருக்கும் கிளையா செல்களையும் விட்டுவிடாதீர்கள். அவற்றை மட்டும் அழித்த எலிகளின் சிறுகுடலில் கடுமையான அழற்சி தோன்றியது 1998இலேயே காட்டப்பட்டது.

கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடல் அகநோக்கல்) சளிச்சவ்வு ஆறிவிட்டது, ஆனாலும் வலி ஏன் நிற்கவில்லை என்பது வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வரக்கூடிய அருமையான கேள்வி. அழற்சி அடங்கினாலும் நரம்புகளில் ஏற்பட்ட மாற்றங்கள் உடனே மறைவதில்லை என்பதை அங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தகைய நோயாளியிடம் "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்புவது அறிவியலுக்கும் பொருந்தாது, மனிதத்தன்மைக்கும் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

கடும் அழற்சியில் பெருங்குடல் ஆபத்தாக விரியும் டாக்ஸிக் மெகாகோலனையும் இதே கண்ணோட்டத்தில் படியுங்கள். அழற்சி தசை வரை இறங்கும்போது மிகுதியாக உருவாகும் நைட்ரிக் ஆக்ஸைடு தசையைத் தளர்த்துகிறது. பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேல் விரிகிறது. கடுமையான கொலைட்டிஸில் லோபராமைடு என்னும் வயிற்றுப்போக்கு மருந்தையும் ஓபியாய்டு வலிநீக்கிகளையும் தவிர்க்கச் சொல்வது, குடல் அசைவை அவை மேலும் அடக்கிவிடும் என்பதால்தான்.

விடை எழுதும்போது, எலியிலும் கினிப்பன்றியிலும் கண்டது எது, மனிதத் திசுவில் கண்டது எது என்று பிரித்து எழுதுங்கள். அழற்சியின்போது குடல் நியூரான்கள், தங்கள் மேலுள்ள பி2எக்ஸ்7 என்னும் ஏற்பி வழியாக மடிவது எலிகளில் நிறுவப்பட்டது. பிளெக்ஸைட்டிஸ் நோயாளிகளின் குடலிலேயே கண்டது.