மனச்சோர்வு ஆய்வுக்காக எம்.ஆர்.ஐ.க்குள் படுத்த கதை

மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையை ஆராயும் ஒரு குழு தன்னார்வலர்களைத் தேடியது. எனக்கு அந்தப் பிரச்சினை இல்லையே, என்னை எதற்கு என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களும் வேண்டுமாம். சரி என்று பெயர் கொடுத்தேன்.

முதலில் போனிலேயே ஏகப்பட்ட கேள்விகள். பேஸ்மேக்கர் உண்டா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டிருக்கிறதா... இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். "வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்றபோதுதான் விழித்தேன். நமக்கே தெரியாமல் கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துகள், காந்தம் இழுத்தால் நகர்ந்து கண்ணைக் கிழித்துவிடலாம். எம்.ஆர்.ஐ. கருவியில் இருந்தது 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) காந்தம். பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 60,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும் அது அணைவதில்லை.

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டி, ரத்தக்குழாய் வீக்கம் என்று எதேச்சையாக ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வார்கள் என்று அதில்தான் இருக்கும். இன்னொன்று: ஆய்வுக்கான ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க எடுப்பதல்ல. அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்பதால் தலைக்குள் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. படங்களை மற்ற ஆய்வாளர்களோடு பகிரும் முன் முகத்தை நீக்கிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது. தலையின் ஸ்கேனை வைத்து மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் அப்படியே உருவாக்கிவிடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

உள்ளே போனதும் காதில் அடைப்பான், தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு காயில் (மூளையின் சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருள்), திரையைக் காட்டும் சின்னக் கண்ணாடி, அவசரத்துக்கு அழுத்த ஒரு ரப்பர் பந்து. அப்புறம் சத்தம். யாரோ தகர ஷெட்டை விடாமல் தட்டுவது போல. கோபமான முகம், பயந்த முகம் என்று மாறி மாறி வந்தன, பட்டனை அழுத்தினேன். அது சுலபம்.

கஷ்டம் அடுத்த பகுதியில். "கூட்டல் குறியைப் பாருங்கள், குறிப்பாக எதையும் நினைக்காதீர்கள், தூங்காதீர்கள்." சும்மா இருக்கும்போதும் ஓயாமல் ஒத்திசைந்து இயங்கும் பகுதிகள் மூளையில் உண்டு, அவற்றைப் பிடிக்கத்தான் இது. எனக்கோ சரியாக அப்போதுதான் மூக்கு அரித்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட தரவைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்ததால் எச்சில் விழுங்கவே பயம்.

வெளியே வந்ததும் எல்லோரும் கேட்பதையே நானும் கேட்டேன்: "என் மூளை எப்படி இருக்கு?" கறுப்பு வெள்ளையில் ஒரு படம் காட்டினார்கள். பத்திரிகைகளில் பார்க்கும் சிவப்பு மஞ்சள் திட்டுகள் எங்கே? அவை போட்டோவே அல்ல, புள்ளியியல் கணக்கு. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய வழியில், ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் கருவி பிடிக்கிறது. நரம்பணு வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். மாற்றமும் மிகச் சொற்பம். அதனால் பலருடைய தரவைச் சேர்த்தால்தான் ஏதாவது தேறும். மூளை அமைப்பையும் நடத்தையையும் நம்பகமாகத் தொடர்புபடுத்த ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது.

படத்தைப் பார்த்த தம்பி கேட்டான், "எனக்கும் எடுத்தா டிப்ரஷன் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடுமாண்ணா?" தெரியாதுடா என்றேன். மனநல மருத்துவர் இன்றைக்கும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.