கம்பியைக் கழற்றிய பிறகு

பல் கம்பியைக் கழற்றிய அன்று வீட்டுக்குப் போகும் வழியில் முறுக்கு வாங்கினேன். 22 மாதங்கள் இட்லியைக்கூட யோசித்துத் தின்றவளுக்கு அது ஒரு வேண்டுதல். இரண்டு நாள் கழித்து வந்து ரிடெய்னரை வாங்கிக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதை ஏதோ சத்து மாத்திரை போல நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவர் எடுத்து வைத்தது, என் அண்ணத்தின் வடிவத்திலேயே வார்த்த ரோஜா நிற அக்ரிலிக் தட்டு. முன்பற்களின் மேல் படிய ஒரு கம்பி, கடைவாய்ப் பற்களைக் கவ்வ இரண்டு கொக்கிகள். ஹாலி ரிடெய்னர் என்று பெயர்; நகர்த்திய பற்களை அதே இடத்தில் பிடித்து வைப்பது. ஹாலி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பு வடிவமைத்தது. கீழ்வரிசைக்கு வேறு ஏற்பாடு: ஆறு முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய முறுக்குக் கம்பியைப் பசை வைத்து ஒட்டிவிட்டார். அதை நாமாகக் கழற்ற முடியாது.

"சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர, ஆறு மாதம் எந்நேரமும் வாயில் இருக்க வேண்டும். பிறகு ராத்திரி மட்டும்."

"எத்தனை நாளைக்கு ராத்திரி, டாக்டர்?"

"பல் இருக்கும் வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. பல் எலும்பில் அடித்த ஆணி இல்லையாம். நார்களால் கட்டப்பட்டு நிற்கிறது. கம்பி போட்டுப் பல்லை நகர்த்தினாலும், ஈறுகளில் இருக்கும் நார்கள் இழுத்துவிட்ட ரப்பர் போலப் பழைய இடத்துக்கே அதை இழுத்துக்கொண்டிருக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குப் பிறகும், வயது ஏற ஏறப் பற்கள் தாமாகவே கொஞ்சம் நெருங்கும்.

நான் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நாக்கின் நுனி மேலண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். மறுநாள் காலை என் நாக்கு வருடியது அண்ணத்தை அல்ல, அக்ரிலிக்கை. 'தமிழ்' என்றால் அது தமிழும் இல்லை, தமிளும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று. வருகைப் பதிவில் சசிகலாவின் பெயரைக் கூப்பிட்டபோது முதல் பெஞ்சு வரைக்கும் சாரல் அடித்தது. வாய்க்குள் வந்த புது வஸ்துவை உணவு என்று நினைத்து எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சில நாளில் வாய்க்கே அலுத்துவிடும். பயிற்சிக்கு வேறு வழி இல்லை, சத்தம் போட்டு வாசிக்க வேண்டியதுதான். சாயங்காலம் அடுப்படியில் நின்று செய்தித்தாளைத் தலையங்கம் முதல் வரி விளம்பரம் வரை வாசித்தேன். நாலாம் நாள் ழகரம் திரும்பி வந்தது. சகரம்தான் ஒரு வாரம் பிகு பண்ணியது.

இடது பக்கம் தட்டின் ஓரம் ஈறில் குத்தி, மூன்றாம் நாளே புண். மைத்துனர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, நான் தட்டைக் கொடுக்கவில்லை. டாக்டர் குத்தும் இடத்தைப் பார்த்துப் பொடி அளவு தேய்த்துக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. புண் ஆறட்டும் என்று தட்டைக் கழற்றி வைப்பதுதான் தப்பு. நாலு நாளில் பல் நகரும், பிறகு போட்டால் இன்னும் வலிக்கும். அன்றைக்கே ஒரு திட்டும் வாங்கினேன். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது தட்டை நாக்கால் தள்ளி 'டக்' என்று ஏற்றி இறக்கும் பழக்கம் வந்திருந்தது. கொக்கி தளர்ந்திருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். முன்கம்பியைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கக் கொக்கியிலும் நகத்தைக் கொடுத்துச் சேர்ந்தாற்போல் இறக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

வாய்க்குள் இருந்தவரை தட்டுக்கு வந்த கேடு அவ்வளவுதான். வெளியே வந்தபோதுதான் அதற்குக் கண்டம்.

ஐந்தாம் மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் தட்டைக் கழற்றிக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி இலையோரம் வைத்தேன். டப்பி வீட்டில். பாயசம், மோர் எல்லாம் முடித்து இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன். குழாயடியில் நாக்கு வெறும் அண்ணத்தைத் தொட்டபோதுதான் உறைத்தது. ஓடி வந்தால், மேசையில் விரித்திருந்த காகிதத்தோடு இலைகளையெல்லாம் ஒரே சுருளாகச் சுருட்டிக் கூடையில் தள்ளியிருந்தார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாலாவது இலையில், அவியலுக்கும் அப்பளத்துக்கும் நடுவில், ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் கதையைச் சொன்னேன். அத்தைக்குத் தாங்கவில்லை. "ஊரார் எச்சிலில் கிடந்ததையா வாயில் போடப் போகிறாய்?" என்று, நான் குளித்து வருவதற்குள் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்தபோது ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. அக்ரிலிக் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். அழுத்திப் போட்டுப் பழக்கலாம் என்று பார்க்காமல் மறுநாளே போனேன். மறுபடி அளவெடுப்பு, 2,500 ரூபாய்.

இந்த முறை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. பேச்சு அன்றே தெளிவாக இருந்தது. யாருக்கும் தெரியவும் இல்லை. ஆனால் இது இன்னும் செல்லப்பிள்ளை. சூடு அறவே ஆகாது. போட்டுக்கொண்டே காப்பி குடிக்கக் கூடாது, தண்ணீர் மட்டும்தான். சாப்பிட்ட வாயைக் கழுவாமல் மாட்டினால் சாம்பார் மஞ்சள் அதில் ஏறிவிடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து மங்கிப்போகும், நாற்றமும் பிடிக்கும். காலையில் எடுத்தவுடன், காய்வதற்கு முன், பச்சைத்தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்பதால் வெள்ளையாகப் படியும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவுகிறேன்.

கீழே ஒட்டிய கம்பிக்கு அதன் பங்குக்கு வேலை உண்டு. எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கேதான் பற்காரை கட்டும். பல்லிடுக்குப் பிரஷ்ஷை ஒவ்வொரு சந்திலும் நுழைத்து எடுக்க வேண்டும். கொய்யாவைக் கடிப்பதை விட்டுவிட்டேன், நறுக்கித்தான்.

இப்போது இரண்டு வருடம் முடிந்து, இரவு மட்டும் போடுகிறேன். போன மே மாதம் ஊருக்குப் போனபோது மறந்து நாலு இரவு விட்டுப்போனது. திரும்பி வந்து மாட்டியபோது மேல் கோரைப்பல்லில் இறுக்கம். இரண்டு இரவில் சரியானது. மீண்டும் வைத்துவிட்டுப் போகாமலிருக்க, டப்பியைக் கைப்பையில் வீட்டுச் சாவியோடு கட்டிவைத்திருக்கிறேன். அத்தை மட்டும் இன்றும் வெந்நீர் போடும் முன்னால், "உன் பல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்.