குதிர் எந்த மாதம் காலியானது?

ஜூன் 3
தெற்கு மலாவி. அறுவடை ஓய்ந்த நேரம். ஏழை வீடுகள் ஓராண்டு உணவை எங்கிருந்து பெறுகின்றன, மழை பொய்த்தால் எவ்வளவு குறையும் என்று கணக்கெடுக்க இதுவே தோது. உணவாண்டு, அதாவது ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை, ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஊரில் வசதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதை ஊர்க்காரர்களே பிரிக்க வேண்டும். நிலம், ஆடு என்று தொடங்கி, பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும்: கூலிக்கு ஆள் வைக்கிறாரா, கூலிக்குப் போகிறாரா? அந்தக் கூலிக்கு இங்கே கன்யு என்று பெயர்.

ஜூன் 5
“எத்தனை கிலோ விளைந்தது?” என்று கேட்டு வாங்கும் எண் எதற்கும் உதவாது. நிவாரணம் வரும் என்ற நினைப்பே அதைக் குறைத்துவிடும். குதிர் எந்த மாதம் காலியானது, அதன்பின் எதைத் தின்றீர்கள் என்று கேட்டால் பொய் சொல்வது கடினம். வாளிக்கணக்கு சொன்னால் வாளியை நிறுக்க வேண்டும். கதிரா, உதிர்த்த மணியா என்றும் கேட்க வேண்டும்.

ஜூன் 6
ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி தேவை. ஐந்து பேருக்கு ஓராண்டில் சுமார் 38 லட்சம். மக்காச்சோளம் கிலோவுக்கு 3,600 கலோரி என்றால் 1,065 கிலோ. 50 கிலோ மூட்டையில் 21.

ஓர் ஏழை வீட்டு மாதிரிக் கணக்கு: சொந்த விளைச்சல் 6 மூட்டை, கன்யு காசில் வாங்கியது 10, துவரையும் பூசணியும் 3 மூட்டைக்குச் சமம், விறகு விற்று வாங்கியது 2. சாதாரண ஆண்டில் கூட்டல் 13-லேயே நின்றால் அவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது பச்சைக் கதிர், மாம்பழம், அல்லது தானியமாகவே வாங்கிய கூலி.

ஜூன் 9
இனி மழை பொய்த்த ஆண்டு. சொந்தச் சோள விளைச்சல் பாதி: 3 மூட்டை போச்சு. சோள விலை இரட்டிப்பு: கன்யு காசுக்கு 5 மூட்டைதான், விறகுக் காசுக்கு 1. ஆக, குறைவது 9. அதில் வயல் பறித்தது 3, சந்தை பறித்தது 6. மழை வரைபடம் அந்த மூன்றை மட்டுமே காட்டும். கூலி குறையாது என்ற தாராளக் கணக்கு வேறு இது. ஆள் வைப்பவருக்கும் விளைச்சல் பாதிதானே.

ஜூன் 10
ஆடு விற்றுச் சமாளிப்பார்கள் என்று எழுதும்போது பழைய விலையைப் போடுவது வழக்கமான பிழை. எல்லோரும் விற்கும் மாதத்தில் ஆடு மலிவு, சோளம் கிராக்கி. விதையும் மண்வெட்டியும் விற்ற காசு இந்தக் கணக்கில் சேராது: அவை போனால் அடுத்த ஆண்டு விளைச்சலும் போகும்.

2001–02 பஞ்சத்துக்கு முன் இதே நாட்டில் கிழங்கு விளைச்சலை மிகையாக மதிப்பிட்டார்கள். அரசின் தானிய இருப்பும் விற்கப்பட்டிருந்தது. விலை பல மடங்கு ஏறியது. எனவே அக்டோபரிலிருந்து வாரச்சந்தையில் மூன்று விலை வேண்டும்: சோளம், ஆடு, ஒரு நாள் கன்யு.