கள்ளிக்கும் பத்து மணி

"டேய், ஒரு கள்ளிச்செடியைப் பார்க்கவா மூணு மணி நேரம் ஓட்டச் சொல்ற?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அண்ணன் வண்டியை எடுத்தான். ஏப்ரல் முதல் வாரம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இருட்டோடு கிளம்பி, ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவின் தெற்கு வாசலுக்கு ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

காட்டன்வுட் பக்கம், பாறை இடுக்கில் செடி இருந்தது. இருபது முப்பது தண்டுகள் சேர்ந்த ஒரு குத்து, முழங்கால் உயரம். பூக்களும் இருந்தன, மடக்கிய குடை மாதிரி இறுக மூடிக்கொண்டு. இந்தப் பூ ராத்திரி மூடும், வெயில் ஏறினால்தான் திறக்கும், சில நாள் இப்படியே மூடித் திறக்கும். நம் ஊர்த் தொட்டியில் வளர்க்கிற பத்து மணிப் பூ ஞாபகம் வந்தது. தாவரவியலில் பத்து மணிப் பூவின் குடும்பமும் கள்ளிக் குடும்பமும் நெருங்கிய சொந்தம்தான். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அண்ணி இதன் பெயரைக் கேட்டார். எக்கினோசீரியஸ் எங்கல்மன்னி. 'எக்கினோஸ்' கிரேக்கத்தில் முள்ளெலி. முள்ளம்பன்றி இல்லை, நம் தென்மாவட்டங்களில் தேரிக்காட்டிலும் புதரிலும் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த முள்ளெலி. அதனால் இதை முள்ளெலிக் கள்ளி என்றுதான் சொல்வேன். எங்கல்மன், செயின்ட் லூயிஸில் வைத்தியம் பார்த்துக்கொண்டே செடிகளை ஆராய்ந்த ஜெர்மானியர். இந்தப் பேரினத்துக்கு 1848-இல் பெயர் வைத்தவரும் அவரே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் பெயரில்தான் கள்ளி. உடைத்தால் பால் வரும், அவை வேறு குடும்பம். கள்ளிக் குடும்பத்துக்கு அடையாளம், முள் கிளம்பும் இடத்தில் இருக்கும் பஞ்சு மாதிரியான சிறு புள்ளி. நம் ஊரில் வேலியோரம் பார்க்கிற சப்பாத்திக்கள்ளி அந்தக் குடும்பம்தான், அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது.

நேரம் போக்க, வடக்கே அரை மணி தூரத்தில் இருக்கும் சோய்யா (Cholla) கள்ளித் தோட்டத்துக்குப் போனோம். இந்தக் கள்ளி கரடிக்குட்டி மாதிரி புசுபுசுவென்று இருக்கும், தொட்டால் துண்டே கழன்று ஒட்டிக்கொள்ளும். அண்ணனின் ஷூவில் ஒன்று ஏறிவிட்டது. அண்ணியின் சீப்பை உள்ளே விட்டு நெம்பித்தான் எடுத்தோம். பாலைவனத்துக்குப் போகிறவர்கள் தண்ணீருக்கு அடுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது சீப்பு!

பத்தரைக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் விரிந்திருந்தன. நிறத்தை ஜவுளிக்கடைக்காரர் பாஷையில் சொன்னால் ராணி கலர். உள்ளங்கையில் முக்கால்வாசி அகலம். ஆனால் என்னை உட்கார வைத்தது நடுவில் இருந்த பச்சை. மஞ்சள் மகரந்தக் கூட்டத்துக்கு மத்தியில் சூலகமுடி பச்சைப் பசேலென்று விரல் விரித்து நிற்கிறது. தேனீ ஒன்று அந்தப் பச்சையில் கால் வைத்து இறங்கி, மகரந்தத்துக்குள் புரண்டுவிட்டு, பொடி பூசிய உடம்போடு வெளியே வந்தது.

அப்புறம் பூவின் அடியைப் பார்த்தேன். இந்த இனத்தில் மொட்டு, முள் புள்ளிக்குச் சற்று மேலே தண்டின் தோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கிழிந்த இடம் உதடு மாதிரி பிரிந்து தெரிந்தது. பழைய தண்டுகளில் போன வருடத் தழும்புகள். பூவின் அடிப்பகுதியிலும் முள் இருக்கிறது. காரணம், கள்ளியில் சூற்பையைச் சுற்றி மூடியிருப்பது தண்டின் சதையேதான். பழமும் அதனால் முள்ளோடுதான் வளரும், கனிந்து சிவந்ததும் முள் தானாக உதிர்ந்துவிடும். ஸ்ட்ராபெர்ரி ருசி என்கிறார்கள். தேசியப் பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, தவிர பழத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

முட்களும் ஒரே நிறமில்லை. வெள்ளை, மஞ்சள், பழுப்பு, சாம்பல் எல்லாம் ஒரே குத்தில். முள்தான் இதற்கு நிழலும். தண்டின் தோலில் இருக்கும் காற்றுத்துளைகளைப் பகலில் மூடிவைத்து, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து காற்றை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் சமைக்கிற செடி இது. பகலில் திறந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடுமே.

திரும்பும் வழியில் அண்ணனே வண்டியை ஓரங்கட்டினான். "அதோ, உன் முள்ளெலி!" அதே ராணி கலர். இறங்கிப் போய்ப் பார்த்தேன். தட்டைத் தண்டு, நீளமான முள் எதுவும் இல்லை, பூவின் நடுவில் பச்சைக்குப் பதில் வெளிர் வெள்ளை.

"இல்லண்ணா, இது பீவர்வால் கள்ளி. சப்பாத்திக்கள்ளிச் சாதி. தொட்டுடாதே, கண்ணுக்குத் தெரியாத பொடி முள் இருக்கு."

அவன் ஏற்கெனவே தொட்டிருந்தான். அந்த முள்ளுக்குச் சீப்பு உதவாது.