நானூறு பெண்களும் ஓர் ஆறும்

தஞ்சைப் பெரிய கோயில் சுற்றுச்சுவரில் மிக நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணி செய்யும் ஆடல் மகளிரை, வரவழைத்துக் குடிவைத்த கணக்கு அது. இன்னார், இன்ன ஊர், இன்ன கோயிலைச் சேர்ந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாமே கல்லில் ஏறியிருக்கிறது.

இதை விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தோடு இணைக்கலாமே என்று சில மாதங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். எக்செல்லில் 'ஆரூர்' என்று தட்டினால் அது வெறும் எழுத்து, அவ்வளவுதான். திருவாரூருக்கு விக்கித்தரவில் 'கியூ' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் வரைபடத்தில் ஊர் எங்கே இருக்கிறது, அங்கே என்ன கோயில், வேறு மொழிகளில் என்ன பெயர் என்பதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அப்புறம் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரே வினவலில் கேட்கலாம்.

ஊரைவிடப் பெயர்தான் தலைவலியாக இருக்கும் என்று பயந்தேன். முக்கால்வாசிப் பெயர்கள் 'நக்கன்' என்று தொடங்குகின்றன, ஒரே பெயரில் பல பேர் வேறு. ஆனால் கல்வெட்டை எழுதியவர் அதை அப்போதே தீர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு', இத்தனையாம் வீடு. இதைவிட நல்ல அடையாள எண்ணை நான் எங்கே போய்த் தேடுவது? அதையே வைத்துக்கொண்டேன்.

சறுக்கியது ஊரில்தான். பட்டியலில் உள்ள பெயர்களுக்கு விக்கித்தரவில் பொருத்தம் தேடித்தரும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருளில் பட்டியலை ஏற்றி, அது காட்டிய பொருத்தங்களை ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மொத்தமாகச் சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாள் வரைபடத்தைத் திறந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கொத்துப் புள்ளிகள்! கும்பகோணத்துப் பக்கத்தில் இருக்கும் பழையாறை, கல்வெட்டில் பழையாறு என்று வருவது, குமரியில் ஓடும் பழையாறு என்ற ஆற்றோடு போய் ஒட்டியிருக்கிறது. அத்தனை பெண்களையும் ஆற்றில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊரையும் கையால்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வரிக்கும், இந்தக் கல்வெட்டு அச்சாகியிருக்கும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூலின் இரண்டாம் தொகுதிப் பக்கத்தை மேற்கோளாகச் சேர்க்கிறேன், நான் தப்பு விட்டாலும் அடுத்து வருபவர் கல்வெட்டு வாசகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இன்று எந்த ஊர் என்று பிடிபடாத பெயர்களுக்கு எண் கொடுக்கவில்லை, கல்வெட்டில் உள்ளபடியே எழுத்தாக விட்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் பழைய பெயர் ஏதாவது வழக்கில் இருந்தால் சொல்லுங்கள்.