சத்தி ரோட்டுக்கு ரயில் வேண்டும்

கோயமுத்தூர் மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. சரவணம்பட்டியில் குடியிருந்துகொண்டு கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சத்தி ரோடுதான் என் காலையும் மாலையும்.

20 லட்சம் பேர் இருக்கும் ஊருக்குத்தான் மெட்ரோ என்கிறது மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுக் கொள்கை. கோவையில் அத்தனை பேர் இல்லை என்பதையும் காரணமாகச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். தலையை எண்ணியது 2011இல். அப்புறம்தான் கீரணத்தம் வரைக்கும் அபார்ட்மெண்ட் மேல் அபார்ட்மெண்டாக எழும்பின. அடுத்த கணக்கெடுப்பு 2027இல். அதுவரை பழைய கணக்கை வைத்து ஊரை அளப்பது என்ன நியாயம்? ஆக்ராவும் 2011 கணக்கில் 20 லட்சத்துக்குக் கீழேதான். அங்கே 2024 மார்ச்சிலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது.

திட்டத்தில் இரண்டு வழித்தடங்கள், அவிநாசி ரோடும் சத்தி ரோடும். மொத்தச் செலவு 10,740 கோடி ரூபாய். பெரிய தொகைதான். "அந்தப் பணத்துக்கு எத்தனை பஸ் வாங்கலாம்" என்று எங்கள் பட்டறையிலேயே கேட்கிறார்கள். பஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் புது பஸ்ஸும் கணபதியில் அதே நெரிசலில்தானே வந்து நிற்கும்?

செலவைக் குறைக்க மெட்ரோலைட் போடலாம் என்பார்கள். மூன்று பெட்டி, ஏறக்குறைய 300 பேர், ரோட்டோடு ரோடாக வேலி போட்ட தனித் தடம். அகலமான சாலை உள்ள ஊருக்கு அருமையான யோசனை. கணபதியில் அதற்கு இடம் ஏது? இருபுறமும் கடைகளை இடிக்க வேண்டும். அந்தக் கடைக்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்கள், தலைமுறையாக அங்கேயே பிழைப்பவர்கள். அதனால் சத்தி ரோட்டில் தூண் மேல் ஓடும் ரயில்தான் சரி. ஸ்டேஷன் வரும் இடங்களில் கொஞ்சம் நிலம் போகும், அதற்கு நியாயமான விலையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

அவிநாசி ரோட்டுக்கு இப்போது அவசரமில்லை என்பேன். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 1,791 கோடியில் கட்டி 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. கீழே நெரிசல் குறைந்த இடங்களில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் ஒதுக்கிப் பார்க்கலாம். போத்தனூர், கோவை, பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர் என்று தண்டவாளமும் ஏற்கெனவே கிடக்கிறது. அதில் உள்ளூர் ரயில்களைக் கூட்டினாலே அந்தப் பக்கத்துக்குப் பாதி ஆறுதல். சத்தி ரோட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருநாள் கேட்டான்: "ஏனுங்க்கா, ரயிலு வந்தா எங்க பொழப்பு என்னாகுங்க?" நியாயமான பயம். ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் விளாங்குறிச்சிக்கும் சின்னவேடம்பட்டிக்கும் நடந்தா போவார்கள் என்று சொன்னேன். சின்னச் சவாரி நிறைய வரும். ஆனால் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும், பஸ் நிறுத்தமும் அங்கேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் வரைபடத்திலேயே போடாவிட்டால் அவன் பயந்தது நடந்துவிடும்.

ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. கம்பெனி வண்டி இல்லாத பிள்ளைகள் அந்த நேரத்தில் டூவீலரில் லாரிகளுக்கு நடுவே வர வேண்டியிருக்கிறது.

கணக்கெடுப்பு முடிந்ததும் சத்தி ரோட்டை மட்டும் தனித் திட்டமாக மறுபடி அனுப்பட்டும். அதற்குள் சரவணம்பட்டியில் மேம்பாலம் கட்டுவதாக இருந்தால், ரயிலுக்கும் சேர்த்துத் தூணை வடிவமைத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். வெறும் கார் பாலத்துக்குத் தூண் எழுப்பிவிட்டால், பிறகு அனுமதி கிடைத்தாலும் ரயிலை எந்த வழியாக விடுவது?